ஸ்டென்ட் வச்சவரோட நெஞ்சு வலிக்கு ‘வாய்வு’ன்னு பேர் வைக்க வீட்ல யாருக்கும் உரிமை இல்ல

(நீளமான இழை. வீட்ல யாருக்காவது ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சிருந்தா பொறுமையா படிங்க.)

குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சாச்சு. அதாவது எங்க கேஷுவாலிட்டிக்கும் சீசன் ஆரம்பிச்சாச்சு.

பாறையில வழுக்கி மணிக்கட்டு உடைஞ்சவங்க, குரங்கு கடிச்சவங்க, பார்டர் புரோட்டாவை ஒரு பிடி பிடிச்சிட்டு வாந்தியும் பேதியுமா வர்றவங்க, குடிச்சிட்டு அருவிக்கரையில அடிச்சுக்கிட்டவங்க. இவங்க எல்லாம் வழக்கமான கூட்டம். இவங்களோட ஒவ்வொரு வருஷமும் இன்னொரு கூட்டமும் வருது. ஒரு கையால நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, “ஒண்ணுமில்ல சார், வாய்வுதான்”னு சொல்லிக்கிட்டே ஸ்ட்ரெச்சர்ல படுக்கிறவங்க.

அதுல ஒருத்தரைப் பத்திதான் சொல்லப் போறேன். ஊர், வயசு எல்லாம் கொஞ்சம் மாத்தியிருக்கேன். மத்தது நடந்தது நடந்தபடி.

ஐம்பதைத் தாண்டினவர். வேன் பிடிச்சு குடும்பத்தோட வந்திருக்கார். நாலு மாசத்துக்கு முன்னாடி அவருக்கு மாரடைப்பு வந்து, இதயத்தோட முன்பக்க ரத்தக்குழாய்ல ஒரு ஸ்டென்ட் வச்சிருக்காங்க. காலையில ஐந்தருவியில குளியல். குளிக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய் மசாஜ். மத்தியானம் நல்ல சாப்பாடு. மூணு மணி வாக்குல நெஞ்சுக்கு நடுவுல ஒரு அழுத்தம்.

மச்சான் சொன்னாராம்: “மசாஜ்ல அமுக்குனதுல பிடிச்சிருக்கும்.” 

மாமியார் சொன்னாங்களாம்: “சாப்பாடு எண்ணெய், வாய்வு. சோடா வாங்கிக் குடுங்க.” 

சோடா குடிச்சார், ஏப்பம் வந்துச்சு, எல்லாருக்கும் நிம்மதி. அஞ்சு மணிக்கு மறுபடி வலி. மெடிக்கல்ல போய் ‘கேஸ் மாத்திரை’ ஒண்ணு, ‘வலி மாத்திரை’ ஒண்ணு. ஏழு மணிக்கு உடம்பெல்லாம் வேர்வை. சாரல்ல நனைஞ்சு ஊரே நடுங்குற நேரத்துல இந்த மனுஷனுக்கு மட்டும் சட்டை நனையுற அளவுக்கு வேர்க்குது. அப்பவும், “ரூம்ல காத்து இல்ல”ன்னு ஃபேனைப் போட்டிருக்காங்க.

எங்ககிட்ட வந்தப்ப மணி ஒன்பது.

ஈசிஜி எடுத்தோம். பேப்பர் மெஷினை விட்டு முழுசா வெளிய வர்றதுக்குள்ளயே தெரிஞ்சிடுச்சு. நாலு மாசத்துக்கு முன்னாடி எந்தக் குழாயைத் திறந்தாங்களோ, அதே குழாய் மறுபடி மொத்தமா அடைச்சிருக்கு.

அவரோட மனைவிகிட்ட கேட்டேன், “மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடுறாரா?”

“சாப்பிடுறார் சார். ஆனா பல் தேய்க்கிறப்ப ரத்தம் வந்துச்சு. ரத்தம் ரொம்பத் தண்ணியாயிடுச்சுன்னு சொன்னாங்க. அதான் அந்த ஒரு மாத்திரையை மட்டும் பத்து நாளா நிறுத்தியிருக்கோம்.”

யார் சொன்னாங்க? சொந்தக்காரர். அவர் என்ன டாக்டரா? இல்ல, அவருக்கும் ஸ்டென்ட் இருக்கு!

குடுக்க வேண்டிய மருந்தைக் குடுத்து, 108ல ஏத்தி திருநெல்வேலிக்கு அனுப்பினோம். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல. மழை ரோடு. சீசன் டிராஃபிக். அங்க போய் குழாயைத் திறந்தாங்க, உயிர் பிழைச்சார். ஆனா அந்த ஆறு, ஏழு மணி நேரத்துல செத்த இதயத் தசை செத்ததுதான். அது மறுபடி வளராது. சாதாரணமா 55 சதவீதத்துக்கு மேல இருக்க வேண்டிய பம்பிங் அவருக்கு இப்ப 30. ஒரு மாடி ஏறினா மூச்சு வாங்குது. வேலைக்குப் போக முடியல.

ஆம்புலன்ஸ் கிளம்புறப்ப அந்த அம்மா கேட்டது இன்னும் காதுல இருக்கு. “ஸ்டென்ட் வச்சா மறுபடி வராதுன்னாங்களே சார்?”

இந்த இழையே அந்தக் கேள்விக்குத்தான்.

மறுபடி வராதுன்னு யாரும்மா சொன்னாங்க? ஸ்டென்ட்டோட வரலாறே குழாய் மறுபடி அடைக்கிற வரலாறுதான்.

1977 செப்டம்பர்ல சூரிச் நகரத்துல ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் என்ற டாக்டர் முதல் முதலா ஒரு மனுஷனோட இதயக் குழாய்க்குள்ள பலூனை விட்டு அடைப்பை விரிச்சார். அப்ப ஸ்டென்ட்டே கிடையாது, வெறும் பலூன். பெரிய சாதனை. ஆனா விரிச்ச குழாய் சில மாசத்துல பலருக்கு மறுபடி சுருங்குச்சு, மூணுல ஒருத்தர் என்ற அளவுக்கு. சுருங்காம இருக்க முட்டுக் குடுக்கணுமேன்னு வந்ததுதான் கம்பி வலை மாதிரியான ஸ்டென்ட். 1986ல மனுஷனுக்கு முதல் முதலா வச்சாங்க. அதுக்குள்ளயும் சதை வளர்ந்து அடைச்சுது. சதை வளராம இருக்க மருந்து தடவின ஸ்டென்ட் வந்துச்சு. சதை வளர்றது ரொம்பவே குறைஞ்சுது. ஆனா அந்த மருந்து, ஸ்டென்ட் மேல மெல்லிசா தோல் மாதிரி மூடுறதையும் தாமதப்படுத்துச்சு. மூடாத கம்பியைப் பார்த்தா ரத்தம் என்ன பண்ணும்? உறையும். உறையாம இருக்க ரெண்டு மாத்திரை.

அந்த ரெண்டாவது மாத்திரையைத்தான் மேல சொன்னவர் பத்து நாளா நிறுத்தியிருந்தார்.

ஆஸ்பிரின் ஒண்ணு. க்ளோபிடோக்ரெல், இல்லன்னா டிகாக்ரெலார், இல்லன்னா ப்ராசுக்ரெல் இன்னொண்ணு. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வச்சவங்களுக்கு இந்த ரெண்டையும் சேர்த்து பொதுவா ஒரு வருஷம் குடுப்பாங்க. மாரடைப்பு வராம, அடைப்புக்காக மட்டும் வச்சவங்களுக்கு பொதுவா ஆறு மாசம். சிலருக்கு ரத்தக்கசிவு அபாயம் அதிகம்னா குறைப்பாங்க, சிலருக்கு நீட்டிப்பாங்க. அந்தக் கணக்கு போடுறவர் உங்க இதய மருத்துவர். சித்தப்பா இல்ல, பல் டாக்டர் கூட இல்ல. பல் பிடுங்கணும்னா பெரும்பாலும் இந்த மாத்திரைகளை நிறுத்தாமலே பிடுங்கலாம், பஞ்சு வச்சுக் கடிச்சு, தேவைன்னா ஒரு தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திடலாம். ஈறுல கசியுற ரத்தம் தெரியுது, அதனால பயப்படுறோம். குழாய்க்குள்ள உறையுற ரத்தம் தெரியல, அதனால தைரியமா இருக்கோம்.

ஸ்டென்ட்டுக்குள்ள திடீர்னு ரத்தம் உறைஞ்சு அடைக்கிறது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்ல. நூத்துல ஒருத்தர், ரெண்டு பேர். ஆனா நடந்தா அஞ்சு பேர்ல ஒருத்தராவது சாகிறாங்க, அதுக்கு மேலயும் கணக்கு இருக்கு. மாத்திரையை இடையில நிறுத்துறது அதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு. முதல் மாசத்துல வாய்ப்பு அதிகம், ஆனா வருஷம் கழிச்சும் வரலாம்.

இப்ப சிலர் கேப்பீங்க. “அப்ப ஸ்டென்ட் வச்சப்புறம் வர்ற நெஞ்சு வலி எல்லாமே இதுதானா? பயமுறுத்துறீங்களே டாக்டர்?”

இல்ல. ஸ்டென்ட் வச்சவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் என்ற அளவுக்கு முதல் வருஷத்துல ஏதாவது ஒரு நெஞ்சு வலி வருது. அதுல நிறைய வலி ஆபத்தில்லாததுதான்.

வச்ச அன்னைக்கும் மறுநாளும் மெல்லிசா ஒரு வலி, ஒரு இறுக்கம் சிலருக்கு இருக்கும். சுருங்கிக் கிடந்த குழாயை இழுத்து விரிச்சிருக்கோம், அது வலிக்கத்தானே செய்யும். ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். அப்ப ஆஸ்பத்திரியிலதான் இருப்பீங்க, ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டு அவங்களே சொல்லிடுவாங்க.

ஆஸ்பிரின் வயித்தைப் புண்ணாக்கும். அதனால நிஜமாவே நெஞ்செரிச்சல் வரும். பெரிய மாரடைப்புக்கு அப்புறம் இதயத்தைச் சுத்தியிருக்கிற உறை வீங்கி, மூச்சை இழுத்தா குத்துற வலி வரும். அது மல்லாக்கப் படுத்தா கூடும், முன்னால குனிஞ்சு உக்காந்தா குறையும். டிகாக்ரெலார் சாப்பிடுறவங்க சிலருக்கு மூச்சு வாங்குற மாதிரி இருக்கும். விரல் வச்சு “இங்கதான்”னு காட்டுற, அமுக்கினா கூடுற வலி பெரும்பாலும் சதையோடது.

பயமும் ஒரு காரணம். ஒரு தடவை சாவைப் பக்கத்துல பார்த்துட்டு வந்த மனுஷன், ராத்திரி ரெண்டு மணிக்கு தன் நெஞ்சுத் துடிப்பை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கார்னா அது நடிப்பு இல்ல.

அதே சமயம் இன்னொரு கூட்டமும் இருக்கு. மூணு குழாய்ல அடைப்பு இருந்து, அவசரத்துக்கு ஒண்ணை மட்டும் திறந்துட்டு, மத்தது அப்புறம்னு விட்டிருப்பாங்க. அந்த மத்ததுல இருந்து வர்ற வலி. இல்லன்னா, சில மாசம் கழிச்சு, நடந்தா வலி, நின்னா சரியாகுதுன்னு பழைய கதை மறுபடி மெல்ல ஆரம்பிக்கும். அது ஸ்டென்ட்டுக்குள்ள சதை வளர்ந்து சுருங்குறதா இருக்கலாம்.

சவுரவ் கங்குலியை நினைச்சுப் பாருங்க. 2021 ஜனவரி 2, உடற்பயிற்சி செய்யுறப்ப நெஞ்சுல தொந்தரவு, மாரடைப்பு, கொல்கத்தாவுல ஒரு ஸ்டென்ட். மூணு குழாய்ல அடைப்பு இருந்துச்சு. வீட்டுக்கு வந்துட்டார். ஜனவரி 27, மறுபடி நெஞ்சுல அசௌகரியம். அவர் என்ன பண்ணார்? சோடா குடிக்கல. ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் இன்னும் ரெண்டு ஸ்டென்ட் வச்சாங்க. இன்னைக்கும் நல்லா இருக்கார். பணக்காரர், பெரிய ஆளு, அதனாலன்னு சொல்லாதீங்க. அவரை முதல்ல காப்பாத்தினது, வலி வந்த உடனே கிளம்பினது. அதுக்குக் காசு வேண்டாம்.

ஆக, பத்து விதமான வலி இருக்கு. பாதிக்கு மேல சாதுவானது. எது எதுன்னு வீட்ல உக்காந்து கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. என்னாலயே முடியாது. எம்.பி.பி.எஸ். முடிச்சு, வருஷக்கணக்கா கேஷுவாலிட்டியில நிக்கிற நான், முகத்தைப் பார்த்து “இது வாய்வு”ன்னு சொல்றதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. ஏன்னா இதயத்தோட கீழ்ப்பக்கம் அடைச்சா வலி மேல்வயித்துலதான் தெரியும். ஏப்பம் வரும், குமட்டும். சோடா குடிச்சா கொஞ்சம் லேசான மாதிரியும் இருக்கும். சர்க்கரை வியாதி இருக்கிறவங்களுக்கும், வயசானவங்களுக்கும், பெண்களுக்கும் வலியே இல்லாம வெறும் மூச்சுத்திணறலா, தாடை வலியா, அசதியா வரும். ஒரு ஈசிஜி நார்மலா இருந்தாலே நாங்க விடமாட்டோம். அரை மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு எடுப்போம், ரத்தத்துல ட்ரோபோனின் பார்ப்போம், அதுவும் சில மணி நேரம் கழிச்சுத்தான் கூடும்னு மறுபடி பார்ப்போம். இத்தனை பண்ணியும் சில நேரம் எங்களுக்கே சந்தேகம் தீராது. நீங்க ஒரு ஏப்பத்தை வச்சு முடிவு பண்றீங்க!

அடுத்தது அந்த ‘கேஸ் மாத்திரை’. இதைச் சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

நம்ம ஊர்ல கேஸ் மாத்திரைன்னு கேட்டா கடைக்காரர் பெரும்பாலும் ஒமிப்ரசோல் குடுப்பார். க்ளோபிடோக்ரெல் மாத்திரை அப்படியே வேலை செய்யாது. அதை ஈரல்ல இருக்கிற ஒரு என்சைம் மாத்தினாத்தான் அது ரத்தம் உறையாம தடுக்கிற மருந்தாகும். அந்த என்சைமைத்தான் ஒமிப்ரசோல் போய் அமுக்குது. அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2009லயே ரெண்டையும் சேர்த்துக் குடுக்காதீங்கன்னு எச்சரிச்சுது. அதனாலதான் உங்க மருத்துவர் வயித்துக்கு பான்டோப்ரசோல் எழுதியிருப்பார். ஆக, வாய்வுன்னு நினைச்சு நீங்களா வாங்கிப் போடுற மாத்திரை, ஸ்டென்ட்டைக் காப்பாத்துற மாத்திரையோட வேலையைக் குறைக்குது.

வலிக்குப் போடுற ஊசி, டைக்ளோஃபெனாக். இதய அடைப்பு இருக்கிறவங்களுக்கு அது கூடாதுன்னு ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013ல சொல்லியாச்சு. மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டும், ஆஸ்பிரினோட சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவையும் கூட்டும். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினை வேலை செய்ய விடாம தடுக்கும். மூட்டு வலிக்கோ முதுகு வலிக்கோ எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல் வார்த்தையா “எனக்கு ஸ்டென்ட் இருக்கு”ன்னு சொல்லுங்க. 

இதையே சித்த மருத்துவர்கிட்டயும் சொல்லுங்க. முறையா படிச்ச சித்த மருத்துவரைத் திட்டுற பதிவு இல்ல இது, பொதிகை மலை அடிவாரத்துல இருந்துக்கிட்டு அதைச் செய்ய எனக்குப் பைத்தியமா? நான் திட்டுறது, வாட்ஸ்அப்ல “இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, நாற்பது நாள்ல எல்லா அடைப்பும் கரையும், ஸ்டென்ட் தேவையில்லை”ன்னு பார்வர்ட் பண்றவங்களை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினவங்களுக்கு நான் ஈசிஜி எடுத்திருக்கேன்.

அருவிக் குளியலைப் பத்தியும் கேப்பீங்க. பேரருவி தண்ணி பொங்குமாங்கடல்ல விழுந்து, வேகம் அடங்கித்தான் நம்ம தலையில விழுதுன்னு பெருமையா சொல்லுவோம். அடங்கினதுக்கு அப்புறம் அந்த அடின்னா யோசிச்சுக்கோங்க. சில்லுன்னு தண்ணி பட்டதும் தோல்ல இருக்கிற ரத்தக்குழாய் எல்லாம் சுருங்கும், பிரஷர் ஏறும், இதயம் கூடுதலா உழைக்கணும். ஆரோக்கியமான இதயம் அதைத் தாங்கிட்டு இன்னும் கொஞ்சம் நிக்கலாமான்னு கேக்கும். ஸ்டென்ட் வச்சு சில வாரமே ஆன இதயத்துக்கு அது பரீட்சை. வச்ச மருத்துவர்கிட்ட கேட்டுட்டு வாங்க. சரின்னு சொன்னாலும் நேரா அடிக்கிற தண்ணிக்குக் கீழ போகாதீங்க, ஓரமா நின்னு நனைஞ்சுட்டு வாங்க. வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போகாதீங்க. மாத்திரை டப்பாவை ஊர்ல மறந்துட்டு வராதீங்க. ‘மூணு நாள்தானே’ன்னு சொல்றவங்களை ஒவ்வொரு சீசனும் பார்க்கிறேன்.

இவ்வளவு நேரம் உங்களைத் திட்டினேன். இப்ப எங்களை.

நான் பயிற்சி மருத்துவரா இருந்தப்ப டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுறது என் வேலை. ஒரு நாளைக்குப் பத்து, பதினஞ்சு. கடைசி வரியில எல்லாருக்கும் ஒண்ணுதான் எழுதுவேன்: “ரிவ்யூ எஸ்ஓஎஸ்”. தேவைப்பட்டா வாங்கன்னு அர்த்தம். அதுவும் இங்கிலீஷ்ல. எப்ப தேவை, எந்த வலிக்குத் தேவை, எந்த மாத்திரையை நிறுத்தினா சாவு வரும், ஒண்ணும் எழுதல. அவர் படிக்கத் தெரியாத மொழியில, அவரே முடிவெடுத்துக்கட்டும்னு எழுதிக் குடுத்து கையெழுத்துப் போட்டேன். அந்த மாதிரி ஒரு காகிதத்தைத்தான் மேல சொன்னவரும் பாலித்தீன் கவர்ல பத்திரமா மடிச்சு வச்சிருந்தார். நாலு மாசமா யாரும் அதைப் படிச்சுச் சொல்லல.

ரெண்டு லட்சம் செலவு பண்ணி (காப்பீடோ சொந்தப் பணமோ) வைக்கிற ஒரு பொருளுக்கு ரெண்டு நிமிஷம் விளக்கம். செல்போன் வாங்கினா கூட கடைக்காரப் பையன் பத்து நிமிஷம் சொல்லித் தர்றான். 2017 பிப்ரவரியில மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு விலை உச்சவரம்பு கொண்டு வந்துச்சு, மருந்து தடவினது ₹29,600. அதுக்கு முன்னாடி லட்சத்துக்கு மேல எல்லாம் வித்துச்சு. நல்ல முடிவு. தமிழ்நாட்டுல காப்பீட்டுத் திட்டத்துல ஏழைக்கும் ஸ்டென்ட் கிடைக்குது, ரொம்ப நல்லது. ஆனா கம்பி கிடைச்ச வேகத்துல அந்தக் கம்பியோட வாழுறது எப்படின்ற விவரம் போய்ச் சேரல. அதுக்கு விலை உச்சவரம்பு எதுவும் தேவையில்லை. தமிழ்ல ஒரு பக்கம் அச்சடிச்ச தாள் போதும்.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். எங்ககிட்ட ஒரு பாட்டி வருவாங்க. ஸ்டென்ட் வச்சவங்க. வருஷத்துல அஞ்சு தடவை நெஞ்சு வலின்னு வந்தாங்க. அஞ்சு தடவையும் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். நாலாவது தடவை வாசல்ல அவங்களைப் பார்த்ததும் ஒருத்தர் “வந்துட்டாங்கய்யா”ன்னு சொல்ல, எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். பாட்டிக்குக் கேட்டுச்சு. அஞ்சாவது தடவை வலி வந்தப்ப, சிரிப்பாங்களேன்னு விடியுற வரைக்கும் வீட்லயே உக்காந்திருந்துட்டு வந்தாங்க. அன்னைக்கும் ஒண்ணும் இல்ல, வயித்துப் புண்தான். ஒருவேளை இருந்திருந்தா, அந்த ராத்திரிக்குப் பொறுப்பு நான்தான்.

பாட்டி அஞ்சு தடவை வந்ததும் சரி. அம்பது தடவை வந்தாலும் சரி. நார்மல் ஈசிஜியோட திரும்பிப் போறது வீண் அலைச்சல் இல்ல. அரசு மருத்துவமனையில ஈசிஜிக்கு உங்ககிட்ட யாரும் காசு கேக்கப் போறதில்ல. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், டாக்டரே சிரிச்சாலும் சரி.

சரி, வலி வந்தா என்ன செய்யணும்?

செய்யுற வேலையை அப்படியே நிறுத்திட்டு உக்காருங்க. மருத்துவர் நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட் குடுத்திருந்தா ஒண்ணை நாக்குக்கு அடியில வைங்க. உக்காந்துதான் வைக்கணும், நின்னுக்கிட்டு வச்சா பிரஷர் இறங்கி விழுந்துடுவீங்க. ஏற்கெனவே தலைசுத்தி, பிரஷர் குறைஞ்சிருந்தா வைக்காதீங்க. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள போட்டிருந்தாலும் வைக்கவே கூடாது. வெட்கப்படாம அதை எங்ககிட்டயும் சொல்லிடுங்க, நாங்களும் அதே மருந்தைத்தான் குடுப்போம், உயிருக்கே ஆபத்தாயிடும். அஞ்சு நிமிஷத்துல வலி போகலையா, 108. சார்பிட்ரேட் இல்லையா, காத்திருக்கவே வேண்டாம், 108. போயிடுச்சுன்னாலும் அன்னைக்கே வந்து ஒரு ஈசிஜி. வேர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் இதுல எது சேர்ந்து வந்தாலும் அஞ்சு நிமிஷக் கணக்கெல்லாம் பார்க்காதீங்க.

பைக்ல நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டு வராதீங்க. அவரையே வண்டி ஓட்டவும் விடாதீங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஈசிஜி, மாத்திரை அட்டை மூணையும் எடுத்துட்டு வாங்க. பழைய ஈசிஜி ஒண்ணு கையில இருந்தா எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சுது. அதை இப்பவே ஒரு போட்டோ எடுத்து வீட்ல ரெண்டு பேர் போன்ல வச்சுக்கோங்க.

“பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா போயிடுறோம்”னு சின்ன ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகாதீங்க. மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இருக்கு, 2023ல ‘இதயம் காப்போம்’ திட்டத்துல வச்சிருக்காங்க. சின்ன ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புற ஏற்பாடு வேலை செய்யுமான்னு தமிழ்நாட்டுலயே ஆய்வு பண்ணிப் பார்த்தாங்க, 2017ல வெளிவந்துச்சு. மாரடைப்பு வந்தவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க 17.6 சதவீதத்துல இருந்து 14.2 ஆகக் குறைஞ்சாங்க. நூறு பேருக்கு மூணு பேருக்கு மேல பிழைச்சிருக்காங்க, புது மெஷின் எதுவும் கண்டுபிடிக்காம.

மாத்திரை வாங்கக் காசில்லாம நிறுத்துறவங்களும் இருக்காங்க, அது எனக்குத் தெரியும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாடின் மூணும் அரசு மருத்துவமனையில இலவசம். தனியார்ல ஸ்டென்ட் வச்சிருந்தாலும் சீட்டோட வாங்க, குடுப்போம். ‘அங்க வச்சுட்டு இங்க வர்றீங்களா’ன்னு யாராவது கேட்டா மருத்துவ அலுவலர் யாருன்னு கேளுங்க.

கீழ கமென்ட்ல கேள்வி கேளுங்க, டியூட்டி முடிச்சுட்டு முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு. போன தடவை இதே மாதிரி எழுதினப்ப ஒருத்தர் ராத்திரி பதினொன்னரைக்கு, நெஞ்சு வலிச்சுக்கிட்டு இருக்கிறப்பவே, இன்பாக்ஸ்ல ஈசிஜி போட்டோ அனுப்பி “சார், இது வாய்வா?”ன்னு கேட்டிருந்தார். நான் அதைப் பார்த்தது மறுநாள் காலையில. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. எனக்கு அனுப்புற நேரத்துக்கு 108ஐக் கூப்பிடுங்க.